வாசிக்க மட்டும்

சேர்வரின் பெயரைக் கேட்கிறது பெட்டி.
கொழும்பில் ஏதோவொரு குளிரறையில் அது இருக்கிறது,
நான் கண்டதில்லை.
போர்ட் இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல்.
கடைசியில் ஒரு சின்னச் சதுரம்:
நினைவில் வைத்திருக்கவா?
வேண்டாம்.
இந்த அலுவலகத்தில் நினைவு வைத்திருக்க
நான் ஒருத்தி போதும்.

ஸ்ரான்லி வீதி, மூன்றாம் மாடி.
கீழே கண்ணாடி வெட்டுகிறார்கள்,
சத்தம் பல்லில் ஏறும்.
கொம்பனி கடன் கொடுக்கும்,
கட்டாதவர்களின் பட்டியலை நான் எடுப்பேன்.

டிரைவர் இல்லை என்று முதல்நாள் முழுக்க
மென்பொருள் அடம்பிடித்தது.
‘என்னையோ பிள்ளை தேடினது?’ என்று
சாவியோடு வந்து நின்றார் வான் ஓட்டும் இராசநாயகம்.
சாவகச்சேரிக் கிளை இன்றைக்கும்
எக்செல் கோப்புத்தான் அனுப்புகிறது,
‘கடைசி’ என்றும்
‘கடைசிக்கும் கடைசி’ என்றும் பெயர் வைத்து.

பழக்க வந்த றொஷாந் சொன்னான்:
பிரதி எடுத்து வைத்துப் பார்க்கலாம்,
இல்லாட்டி நேரே போய்க் கேட்கலாம்.
பிரதி என்றால் இரவு பதினொன்றுக்குத் தரவு இறங்கும்,
காலையில் ஒரு சொடுக்கு,
வட்டங்களும் தூண்களும் எழும்பி நிற்கும்.
நேரே கேட்டால்
உன் ஒவ்வொரு கேள்விக்கும்
நெல்லியடியில் ஒரு காசாளர்
கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.
‘பிரதியைப் பிடியுங்கோ, ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.’

இரண்டு வருடம் பிரதியைப் பிடித்தேன்.
ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
ஊர்காவற்துறையிலிருந்து ஒரு குரல்.
பட்டியலின் அடியில் அச்சிட்ட இலக்கத்தைப் பார்த்து எடுத்தாளாம்.
பெயர் மரியகொறற்றி.
‘தங்கச்சி, காலமை எட்டரைக்கே கட்டிப்போட்டன்.
துண்டு என்ரை கையிலை கிடக்கு.
உங்கடை பொடியன் தன்ரை கடதாசியைத்தான் நம்புறான்.
அயல் முழுக்க எட்டிப் பாக்குது.’
அவள் குரலுக்குப் பின்னால்
நிறுத்தாத மோட்டார்சைக்கிள் ஒன்று.

கடதாசியின் தலைப்பு: இன்றைய நிலுவை.
தரவு நேற்றிரவினது.
‘இன்றைய’ என்ற சொல் என்னுடையது.

பெட்டியைத் திறந்து
இரண்டாவது வழியைத் தொட்டேன்.
மூலத்தின் வேகம் குறையலாம் என்று எச்சரித்தது.
குறையட்டும்.
முப்பது செக்கனில் களைத்து அறுந்தது.
முன்னூறு என்று மாற்றினேன்.
கீழே ஒரு நீளக் கண்ணாடி கீறுப்பட்டுக்கொண்டிருந்தது.
நெல்லியடியில் வரிசை நின்றிருக்கும்,
யாரோ கைக்குழந்தையோடு,
யாரோ பஸ்ஸை விட்டுவிட்டு.

தீவுப்பகுதியில் நாற்பத்தொரு பெயர்
இருபத்தாறாய் வந்தது.
அவளுடைய வரி இல்லை.
இல்லாத வரியை வெகுநேரம் பார்த்தேன்.
மற்றப் பதினான்கு பேரும் போன் எடுக்கவில்லை.

என் கணக்கு வாசிக்க மட்டும்.
ஒரு சதத்தைக்கூட எழுதவோ அழிக்கவோ
எனக்கு உரிமையில்லை.
கொழும்பு அப்படித்தான் திறந்துவிட்டிருக்கிறது,
நல்லதுக்குத்தான்.

முகாமையாளர் குகப்பிரியன் கதவைத் தள்ளினார்.
‘என்ன செய்தனீர்? நெல்லியடியிலை சனம் கத்துது.’
பிரதிக்கே திரும்பினேன்.
தலைப்பை மட்டும் மாற்றினேன், அது என் கையில்:
நேற்றிரவு பதினொரு மணி வரை கட்டாதவர்கள்.
‘ஏன் இவ்வளவு நீளம்?’ என்றார்.
பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன்.

புதன்கிழமை கஜீபன் எடுத்தான்,
காரைநகரில் ஏதோ ஒழுங்கையிலிருந்து.
‘அக்கா, இண்டைக்குக் காலமை கட்டினவை ஆரெண்டு
இதிலை எப்பிடித் தெரியும்?’
‘தெரியாது.
அவையிட்டைக் கேள்.’

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு
மோட்டார்சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது.